ஏழாம் அத்தியாயம்: எந்த டேப்பை எப்போது அழிக்கலாம்?

பேக்கப் திட்டம் போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் டேப்பைத்தான் எண்ணுகிறார்கள். பெட்டியில் பத்து வந்திருக்கிறது, சரி, பத்து நாள் சுற்று என்று முடிவாகிவிடுகிறது. அந்தப் பத்தும் தேயும்வரை அதே சுற்றுதான் ஓடும். நாம் மறுமுனையிலிருந்து தொடங்குவோம். உங்கள் நிறுவனத்திடம் பழைய கோப்பைக் கேட்டு யாரெல்லாம் வருவார்கள்? எவ்வளவு காலம் கழித்து வருவார்கள்?

வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை வீட்டு ஆட்கள். "தம்பி, புதன்கிழமை போட்ட பேக்கிங் லிஸ்ட்டைக் காணோம்பா" என்று ஷிப்பிங் பிரிவிலிருந்து வருகிற அண்ணன் சில நாளிலோ சில வாரத்திலோ வந்து நிற்பார். சர்வர் எரிந்துபோவதும், யாரோ வெளியிலிருந்து புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவைத்துப் பணம் கேட்பதும் இதே வகையில் சேரும். அண்மை நிலைக்குத் திரும்ப முடிந்தால் பிழைத்தோம். இரண்டாம் வகை வெளி ஆட்கள். ஜி.எஸ்.டி. அதிகாரி, ஐரோப்பிய பையர், நீதிமன்றம். இவர்கள் ஆறு ஆண்டு, எட்டு ஆண்டு கழித்து வருவார்கள். கேட்பது பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரே ஒரு ஆவணமாக இருக்கும்.

முதல் வகைக்காகச் செய்வது சுழற்சி. இரண்டாம் வகைக்காகச் செய்வது வைப்பு. இந்த இரண்டு வேலையையும் ஒரே டேப் வரிசையின் தலையில் கட்டுவதுதான் பல திட்டங்களின் அடிப்படைக் கோளாறு. சுழற்சி டேப் மறுபடி எழுதப்படுவதற்கென்றே இருப்பது. வைப்பு டேப் தொடப்படாமல் இருப்பதற்கென்றே இருப்பது. இதைப் பிரித்துவிட்டால் மீதி வெறும் நாட்காட்டிக் கணக்கு.

அத்தியாயம் முழுக்க ஒரு மாதிரி நிறுவனத்தை வைத்துப் பேசுவோம். ஆம்பூரில் ஷூ தொழிற்சாலை, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஷாப், வேலூர் பாகாயத்தில் ஒரு சின்ன அலுவலகம். கற்பனை நிறுவனம்தான், ஆனால் இந்தத் தோல் வட்டாரத்தில் இதே ஜாடையில் பல உண்டு. டாலிக் கணக்கு, உற்பத்தி மென்பொருள், ஷூ பேட்டர்ன் வரைபடங்கள், மின்னஞ்சல், லேப் ரிப்போர்ட்டுகள் எல்லாம் சேர்ந்து 3 டெராபைட். கையில் ஒரு எல்.டி.ஓ-8 டிரைவ். கண்காணிப்பு கேமரா பதிவுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நீங்களும் சேர்க்காதீர்கள், டேப்பெல்லாம் காலி வாசலைப் படம்பிடித்தே நிரம்பிவிடும்.

தாத்தா, அப்பா, மகன்

தினசரி டேப் மகன், வார டேப் அப்பா, மாத டேப் தாத்தா. உலகம் முழுக்க ஓடும் பழைய முறை இது. நம் மாதிரி நிறுவனத்துக்கு அது இப்படி அமையும்.

திங்கள் முதல் வெள்ளி வரை இரவுக்கு ஒரு டேப், இரண்டு வாரத்துக்குத் தனித்தனியாக. ஆக 10 தினசரி டேப். சனிக்கிழமை இரவு முழு பேக்கப். மாதத்தின் கடைசிச் சனி தவிர மற்ற சனிக்கிழமைகளுக்கு வார டேப். ஐந்து சனி வரும் மாதத்தையும் சமாளிக்க 4 போதும். கடைசிச் சனிக்கு மாத டேப், ஆண்டுக்கு 12. மொத்தம் 26. ஆண்டு வைப்புக்கான டேப் இதில் சேராது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தினசரி டேப்புக்கு ஏன் இரண்டு வாரம்? ஒரு வாரச் சுற்று வைத்தால் திங்கள் நடந்த தவற்றை அடுத்த செவ்வாய் கண்டுபிடிக்கும்போது அந்தத் திங்கள் டேப்பின் மேல் புதிது எழுதப்பட்டிருக்கும். சீசன் நேரத்தில், கன்டெய்னர் கிளம்பும் அவசரத்தில், ஒரு வாரத்துக்குள் எல்லாரும் தங்கள் தவற்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது மனித இயல்புக்கு விரோதம்.

தினசரி டேப்பில் என்ன எழுதுவது என்பதில் இரண்டு வழி. நேற்றிலிருந்து மாறியதை மட்டும் எழுதலாம். அல்லது கடைசி முழு பேக்கப்பிலிருந்து மாறிய எல்லாவற்றையும் ஒவ்வொரு நாளும் எழுதலாம். முதல் வழியில் டேப்பும் நேரமும் மிச்சம். ஆனால் வெள்ளிக்கிழமை மீட்க வேண்டுமென்றால் சனி டேப்போடு திங்கள், செவ்வாய், புதன், வியாழன் டேப் எல்லாம் வரிசையாக வேண்டும். நடுவில் ஒன்று படிக்காவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளதை நம்ப முடியாது. இரண்டாம் வழியில் எந்த நாளானாலும் இரண்டே டேப். ஒரு டேப்பில் 12 டெராபைட் இடம் இருக்கும்போது சிக்கனம் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டாம் வழியையே எடுங்கள்.

அந்த 12 டெராபைட் பற்றி ஒரு எச்சரிக்கை. டேப் உறையில் 30 டெராபைட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது தரவை இரண்டரை மடங்கு சுருக்கலாம் என்று வைத்துப் போட்ட கணக்கு. படங்கள், ஸ்கேன், பி.டி.எஃப். எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவை அதற்கு மேல் சுருங்காது. சிறிய எண்ணை வைத்தே திட்டமிடுங்கள்.

நேரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். எல்.டி.ஓ-8 டிரைவின் உச்ச வேகம் நொடிக்கு 360 மெகாபைட். அந்த வேகத்தில் 3 டெராபைட் எழுத இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆனால் சர்வரின் பழைய டிஸ்க் நொடிக்கு 120 மெகாபைட்தான் கொடுக்கிறது என்றால் அதே வேலைக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம். நேரம் கூடுவது ஒரு பக்கம். தரவு வந்து சேராமல் டிரைவ் நின்று, பின்னால் போய், மறுபடி கிளம்பும். டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். டேப் உலகில் இதற்கு ஷூ-ஷைனிங் என்று பெயர். ஆம்பூர்க்காரர்களுக்கு அந்தக் கை அசைவை விளக்க வேண்டியதில்லை. இதற்குத் தீர்வு, முதலில் வேறொரு சர்வரின் டிஸ்க்கில் பேக்கப் எடுத்து, அங்கிருந்து டேப்புக்குத் தள்ளுவது. இந்த இடைநிலை டிஸ்க்குக்கு இன்னொரு பயனும் உண்டு, சட்டப் பகுதியில் பார்ப்போம்.

முழு பேக்கப்புக்குச் சனி இரவு என்றது ஞாயிறு விடுமுறை என்ற கணக்கில். உங்கள் இடத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் வியாழன் இரவுக்கு மாற்றி, மற்ற நாள்களையும் அதற்கேற்ப நகர்த்துங்கள். பொங்கல், ரம்ஜான் விடுமுறைகளையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையில் குறித்துவிடுங்கள். டேப் மாற்றும் பையன் நான்கு நாள் ஊருக்குப் போயிருப்பான்; டிரைவுக்குள் இருக்கும் ஒரே டேப்பின் மேல் நான்கு இரவும் மாறி மாறி எழுதப்பட்டிருக்கும். விடுமுறைக்கு முந்தைய இரவு முழு பேக்கப் எடுத்து டேப்பை வெளியே எடுத்துவிட்டு, விடுமுறை நாள்களின் வேலைப் பட்டியலை நிறுத்திவைப்பது நல்லது.

ஹனோய் கோபுரம் என்று இன்னொரு சுழற்சி முறையைப் புத்தகங்களில் பார்ப்பீர்கள். பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1883இல் விற்பனைக்கு விட்ட புதிரிலிருந்து வந்த முறை. காசிக் கோயிலில் 64 பொன் தட்டுகளைப் பூசாரிகள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்ற கதை அந்தப் புதிரோடு ஒட்டிக்கொண்டது. முதல் டேப் ஒன்றுவிட்டு ஒருநாள், இரண்டாவது நான்கு நாளைக்கு ஒருமுறை, மூன்றாவது எட்டு நாளைக்கு ஒருமுறை என்று போகும்; ஐந்தே டேப்பில் பதினாறு நாள் பின்னால் எட்ட முடியும். கணக்கு அழகுதான். ஆனால் "இன்றைக்கு எந்த டேப் சார்?" என்ற கேள்விக்குக் கிழமையைச் சொல்லிப் பதில் தர முடியாத எந்த முறையும் காலை ஒன்பதரை மணி அவசரத்தில் தாக்குப்பிடிக்காது. டேப்பின் முதுகில் 'செவ்வாய் – இரண்டாம் வாரம்' என்று எழுதியிருந்தால் யார் வேண்டுமானாலும் மாற்றலாம்.

எது நழுவிப் போகும்

தாத்தா-அப்பா-மகன் முறை ஒரு சல்லடை. இதைப் புரிந்துகொள்ளாமல் "ஒரு வருஷத்துக்கு எல்லாமே டேப்பில் இருக்கு" என்று முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள். மாதம் பிறந்ததும் உருவாகி, இருபதாம் தேதி யாரோ அழித்துவிட்ட ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் அது தினசரி டேப்பில் இருக்கும். அடுத்த மாதம் அதே வார டேப் திரும்ப வரும்வரை அதில் இருக்கும். மாதக் கடைசி டேப்பில் அது ஏறவே இல்லை. ஐந்தாறு வாரம் கழித்துக் கேட்டால் அப்படி ஒரு கோப்பு இருந்ததற்கே தடயம் கிடையாது.

சர்வர் லாக் விஷயத்தில் இது சட்டச் சிக்கலாகவே ஆகும். இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் இட்ட உத்தரவின்படி, கணினிகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தாக்குதல் நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். உங்கள் ஃபயர்வால் ஏழு நாளுக்கு ஒருமுறை பழைய லாக்கை அழித்துக்கொண்டிருந்தால், பன்னிரண்டு மாத டேப்பிலும் சேர்த்து மாதத்துக்கு ஏழு நாள் லாக்தான் இருக்கும். லாக்கை இயந்திரத்திலேயே குறைந்தது 40 நாள் தங்கும்படி வையுங்கள். அப்போது ஒவ்வொரு மாத டேப்பும் முந்தைய மாத டேப்போடு இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஐந்து சனி வரும் மாதத்தில் இரண்டு மாத டேப்களுக்கு நடுவே 35 நாள் விழும் என்பதால்தான் 30 என்று சொல்லவில்லை.

சட்டம் எத்தனை ஆண்டு கேட்கிறது

இனி வைப்பு. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 128: எந்த நிதியாண்டிலும் அதற்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். 2025-26ஆம் ஆண்டுக் கணக்கு என்றால் 2034 மார்ச் 31 வரை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் என்கிறது. 2025-26க்குக் கெடு 2026 டிசம்பர் 31. ஆகவே 2032 டிசம்பர் 31 வரை. கெடுவை அரசு நீட்டித்தால் இதுவும் நீளும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு அல்லது இந்த 72 மாதம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. வருமான வரிக்கும் தொழிலாளர் பதிவேடுகளுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி அட்டவணையோடு ஒட்டுங்கள்.

கம்பெனிக் கணக்கு விதிகளில் இன்னொரு வரி உண்டு, பலர் கவனிப்பதில்லை. மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குகளின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும். முன்பு 'அவ்வப்போது' என்றிருந்தது; 2022 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு 'தினமும்'. விதி சர்வர் என்றுதான் சொல்கிறது. அலமாரியில் இருக்கும் டேப்பை மட்டும் காட்டி ஆடிட்டரைச் சமாளிக்க முடியாது. முன்பு சொன்ன இடைநிலை டிஸ்க் சர்வர் இங்கேதான் கைகொடுக்கிறது. தினசரி நகல் அதில், அதன் நகல் டேப்பில்.

ஏற்றுமதியாளர்களுக்கு இந்திய அரசு மட்டும் எஜமான் அல்ல. தோல் பொருள்களில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்ற ஐரோப்பியக் கட்டுப்பாடு 2015 மே 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் ஒழுங்குமுறை, அங்குள்ள இறக்குமதியாளர் இப்படிப்பட்ட வேதிப்பொருள் விவரங்களைக் கடைசியாகச் சரக்கு வழங்கியதிலிருந்து பத்தாண்டு வைத்திருக்கச் சொல்கிறது. கடமை அவருடையதுதான், ஆனால் அவரிடம் கேள்வி வந்தால் அடுத்த மின்னஞ்சல் ஆம்பூருக்கு வரும். லாட் நம்பர், டேனிங் ரெசிபி, லேப் ரிப்போர்ட் மூன்றையும் கோத்து வைக்கும் தொகுப்புக்குப் பத்தாண்டு என்று போடுங்கள்.

கழிவுநீர்ப் பதிவுகளுக்கு நான் காலம் எதுவும் போடமாட்டேன். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது. தோல் ஆலைகள் பாலாற்றுக்குச் செய்த கேட்டுக்கு அவர்களே இழப்பீடு தர வேண்டும் என்றது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் பாதிக்கப்பட்டவர்களையும் தொகையையும் நிர்ணயித்தது. விவகாரம் முடியவில்லை, 2025 ஜனவரி 30இல் அதே உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடி விரிவாகத் தீர்ப்பளித்து, இழப்பீட்டையும் ஆற்றைச் சீராக்குவதையும் பற்றி உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டு. ஒரு ஷாப் எந்த மாதம் எவ்வளவு நீர் எடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு அனுப்பியது என்ற ஏடு உங்களுக்குச் சாதகமானாலும் பாதகமானாலும், எட்டாண்டு முடிந்ததென்று அதை அழிக்கும் துணிச்சல் எனக்கில்லை. சட்டம் சொல்லும் ஆண்டு கீழ் எல்லை. மேல் எல்லையைத் தீர்மானிப்பது உங்கள் தொழிலின் தலைவலிகள்.

பாகாயம் வாசகர்களில் பலர் தோல் பக்கமே போகாதவர்கள், சி.எம்.சி.யின் மருத்துவக் கல்லூரி வளாகத்தைச் சுற்றி வளர்ந்த லேப், ஸ்கேன் சென்டர், சிறிய மருத்துவமனை நடத்துகிறவர்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள், உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்றாண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்த 72 மணி நேரத்தைத் திட்டத்தில் கணக்கெடுங்கள். டேப் எங்கோ இருந்து, டிரைவ் பழுதாகி, மென்பொருள் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் மூன்று நாள் போதாது. போலீஸ் வழக்கு தொடர்பான பதிவுகளை வழக்கு முடியும்வரை தனியே எடுத்து வையுங்கள். புது மருந்துச் சோதனைகளில் பங்கெடுத்தால், 2019ஆம் ஆண்டு விதிகளின்படி நெறிமுறைக் குழு தன் ஆவணங்களைச் சோதனை முடிந்த பின் ஐந்தாண்டு காக்க வேண்டும்.

இத்தனை கெடுவையும் வைத்துக்கொண்டு எப்படி டேப் போடுவது? ஒரே கெடு உள்ளவற்றை ஒரே டேப்பில் போடுங்கள். டேப்பின் நடுவிலிருந்து ஒரு கோப்பை மட்டும் அழிக்க முடியாது. டேப் முழுதாக வாழும், முழுதாகச் சாகும். மூன்றாண்டில் அழிய வேண்டியதும் பத்தாண்டு வாழ வேண்டியதும் ஒன்றாகக் கிடந்தால் எல்லாமே பத்தாண்டுதான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவை தீர்ந்த தனிநபர் தகவலை, வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, அழிக்கச் சொல்கிறது. வேலைக்கு வந்து போன தொழிலாளர்களின் ஆதார் நகல்களைக் கணக்கு டேப்போடு சேர்த்துப் பூட்டி வைக்காததற்கு இதுவே போதுமான காரணம். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய வகை எல்.டி.ஓ டேப் உண்டு. கணக்கு வைப்புக்கு அது மிக நல்லது. தனிநபர் தகவலை அதில் ஏற்ற வேண்டாம்.

ஆண்டு டேப்பை மார்ச் 31 இரவு எடுப்பது பரவலான வழக்கம். அது பயனற்ற நாள். மார்ச் மாதப் பதிவுகள் ஆடிட் முடியும்வரை திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். கம்பெனிக் கணக்கு செப்டம்பரில் பொதுக்குழுவுக்குப் போகிறது, ஜி.எஸ்.டி. ஆண்டறிக்கை டிசம்பர் கடைசியில். இரண்டும் முடிந்த பிறகு, ஜனவரி முதல் வாரத்தில், முடிந்த நிதியாண்டுக்கான வைப்பு டேப்பை இரண்டு நகலாக எழுதுங்கள். அதுவரை மாத டேப்கள் காவல் இருக்கும்.

டேப் வாழும், டிரைவ் போய்விடும்

நல்ல நிலையில் வைத்தால் எல்.டி.ஓ டேப் முப்பது ஆண்டு வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதை நம்பலாம். ஆனால் அதைப் படிக்கிற டிரைவ் முப்பது ஆண்டு இருக்காது. எல்.டி.ஓ-7 வரை ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்களைப் படித்தது. எல்.டி.ஓ-8 வந்ததும் அது ஒரு தலைமுறையாகச் சுருங்கியது. 2025இல் வந்த எல்.டி.ஓ-10 தன் தலைமுறை டேப்பைத் தவிர வேறெதையும் படிக்காது. 2013இல் எல்.டி.ஓ-5 டேப்பில் எழுதி வைத்தவர் இன்று கடைக்குப் போய்ப் புது டிரைவ் வாங்கிவந்தால் அந்த டேப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே டிரைவை மாற்றும்போது வைப்பு டேப்கள் அத்தனையையும் புதுத் தலைமுறைக்கு நகலெடுப்பதையும் அதே செலவுத் திட்டத்தில் சேருங்கள். பழைய டிரைவைச் சும்மா அலமாரியில் வைப்பது மாற்று வழி ஆகாது. எட்டாண்டு கழித்து அதைச் செருக ஏற்ற கார்டும் கணினியும் இருக்குமா என்பது அடுத்த கேள்வி.

மென்பொருளும் இப்படித்தான். டாலி.இ.ஆர்.பி 9இல் போட்ட கணக்கை இன்றைய டாலிபிரைமில் திறக்க மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது. ஆண்டு டேப்பில் தரவோடு சேர்த்து அந்த ஆண்டு பயன்படுத்திய மென்பொருளின் நிறுவல் கோப்பு, லெட்ஜர், டே புக், பேலன்ஸ் ஷீட் ஆகியவற்றின் பி.டி.எஃப். நகல் இவற்றையும் எழுதிவிடுங்கள். அதிகாரி கேட்பது பெரும்பாலும் அந்த பி.டி.எஃப்.தான்.

எல்.டி.ஓ-9 வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: புது டேப்பை முதன்முறை போடும்போது டிரைவ் அதைத் தனக்கேற்பச் சரிசெய்துகொள்ள இரண்டு மணி நேரம் வரை எடுக்கும். சனி இரவு பத்து மணிக்குப் புது டேப்பைச் செருகிவிட்டு டிரைவ் செத்துவிட்டது என்று ஏஜென்ட்டை எழுப்பாதீர்கள். புது டேப்களை வாங்கிய வாரத்திலேயே பகலில் ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துவிடுங்கள்.

ஆம்பூரிலிருந்து பாகாயத்துக்கு

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்பது பேக்கப் உலகின் வாய்ப்பாடு. வெளியிடம் எது என்பதில்தான் நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஒரே பாலாற்றங்கரை. ஆண்டு முழுக்க மணலாகக் கிடக்கும் ஆறு 1903 நவம்பரில் வாணியம்பாடியை மூழ்கடித்தது; 2021 நவம்பரில் மறுபடி கரைபுரண்டது. ஆற்றோரத் தொழிற்சாலையின் நகலை அதே ஆற்றோர இன்னொரு தொழிற்சாலையில் வைத்தால் வெளியிடம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. பாகாயம் வேலூர் நகரத்துக்குத் தெற்கே, ஆற்றை விட்டு விலகி, மலைப் பக்கம் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். நகலை வாரம் ஒருமுறை கொண்டுபோகவும் அவசரத்துக்கு அன்றே திரும்ப எடுக்கவும் ஏற்ற தூரம். அங்கேயும் தரைத்தளத்தில் வேண்டாம்.

பதனிடும் ஷாப்பில் டேப் டிரைவே வைக்காதீர்கள். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு முடி நீக்கும் பகுதியிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, செம்பையும் வெள்ளியையும் அரிக்கும்; சர்க்யூட் போர்டு முழுக்க அவைதான். பஃபிங் தூசி அடுத்த எதிரி, டிரைவ் ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஷாப்பின் தரவை இரவில் ஆம்பூருக்கு லைன் வழியே அனுப்பி அங்கே டேப்பில் எழுதுங்கள்.

நீண்ட கால வைப்புக்கு 16 முதல் 25 டிகிரி செல்சியஸ், 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதம் என்பது எல்.டி.ஓ பரிந்துரை. வேலூரின் அக்னி நட்சத்திர வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் டேப் போனால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். மெத்தை வைத்த டேப் பெட்டியில், ஏ.சி. காரில், காலையில் அனுப்புங்கள். வெப்பநிலை மாறிய இடத்துக்கு வந்த டேப்பை உடனே டிரைவில் செருகாமல் ஒரு நாள் அறையிலேயே விடுங்கள். அடுக்கும்போது புத்தகம் போல நிற்கவைத்து அடுக்குங்கள்.

"நெருப்புக்கு அஞ்சாத பீரோவில் வைத்திருக்கிறோம்" என்பார்கள் சிலர். பீரோவின் தகட்டைப் படியுங்கள். காகிதத்துக்கான பெட்டகம் உள்வெப்பத்தை 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அதாவது 177 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கும். அதில் காகிதம் பிழைக்கும், டேப் பாழாகிவிடும். டேப்புக்கென்று மதிப்பிடப்பட்ட பெட்டகம் 150 ஃபாரன்ஹீட், அதாவது 66 செல்சியஸுக்குள் நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது என்பதால் கடைக்காரர் தாமாக இதைச் சொல்லமாட்டார்.

வெளியே போகும் டேப்பெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும், எல்.டி.ஓ-4 முதல் டிரைவுகளிலேயே அந்த வசதி உண்டு. சாவி தொலைந்தால் டேப் வெறும் பிளாஸ்டிக். சாவியை அச்சிட்டு, உறையிலிட்டு ஒட்டி, டேப் இல்லாத இடத்தில், இரண்டு பேர் பொறுப்பில் வையுங்கள்.

வெளியே எடுத்தால்தான் காவல்

2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் மறைந்தன. கூகுளின் பல தரவு மையங்களில் இருந்த நகல்களையும் பிழை தொட்டிருந்தது. மீட்டது டேப். காரணம் எளிது, டேப் எந்த வலைப்பின்னலோடும் ஒட்டியிருக்கவில்லை. 2022 நவம்பர் 23இல் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் பூட்டப்பட்டபோது, ஏறத்தாழ இரண்டு வாரம் அந்தப் பெரிய மருத்துவமனை கையால் எழுதி நோயாளிகளைப் பார்த்தது. பூட்டுகிறவர்கள் முதலில் தேடுவது பேக்கப் சர்வரைத்தான். தானாக டேப் மாற்றும் பெட்டி வைத்திருக்கிறவர்கள் கவனிக்கவும்: பெட்டிக்குள் இருக்கும் டேப்பை பேக்கப் மென்பொருளின் பாஸ்வேர்டு கிடைத்தவன் தொலைவிலிருந்தே அழிக்கலாம். வார டேப் திங்கள் காலை பெட்டியை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பி உறங்காதீர்கள். 2017 ஜனவரி 31இல் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். போய்ப் பார்த்தால், அமைத்துவைத்திருந்த ஐந்து பாதுகாப்பு வழிகளில் எதுவும் சரியாக ஓடியிருக்கவில்லை. யாரோ ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு மாத டேப்பை உருவி, கணக்குப் பிரிவு அக்காவிடம் "எந்த இன்வாய்ஸ் வேணும்க்கா?" என்று கேட்டு, அவர் சொன்னதை எடுத்துக் கொடுங்கள். நீங்களே தேர்ந்தெடுக்காதீர்கள், நமக்கு வரும் என்று தெரிந்ததைத்தான் நாம் எடுப்போம். ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு ஞாயிறு, முழு சர்வரையும் வேறொரு இயந்திரத்தில் ஏற்றிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள். முதலாளிக்குச் சொல்ல வேண்டிய எண் அதுதான்.

அழிக்கும் நாள்

ஒவ்வொரு டேப்பின் முதுகிலும் 'இந்தத் தேதிக்கு முன் அழிக்கக் கூடாது' என்ற வரி இருக்கட்டும். நோட்டீஸ், வழக்கு, ஆடிட் கேள்வி எது வந்தாலும், தொடர்புடைய டேப் சுழற்சி டேப்பாகவே இருந்தாலும் அன்றே எடுத்து, எழுதாமல் தடுக்கும் நெம்புகோலைத் தள்ளி, சிவப்புத் தாள் ஒட்டித் தனி அறையில் போடுங்கள். அதன் இடத்துக்குப் புது டேப். சிவப்புத் தாளைக் கிழிக்கும் அதிகாரம் கணினிப் பிரிவுக்குக் கிடையாது. இயக்குநர் கையெழுத்து வேண்டும்.

தேதி கடந்தவற்றை ஆண்டுக்கு ஒருமுறை, புது வைப்பு டேப் எழுதும் அதே ஜனவரியில், பட்டியலிட்டு ஆடிட்டரிடம் காட்டுங்கள். ஒப்புதல் வந்ததும் துண்டாக்குங்கள். காந்தத்தால் அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்ற யோசனை எல்.டி.ஓவில் நடக்காது; தயாரிப்பிலேயே பதித்த வழிகாட்டித் தடங்களும் சேர்ந்து அழிந்து, டிரைவ் அந்த டேப்பை ஏற்காது. துண்டுகளைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். டேப் எண், எழுதிய நாள், அழித்த நாள், உடன் நின்ற இருவரின் கையெழுத்து, ரசீது எண் ஆகிய ஐந்தும் தைத்த நோட்டில் ஏறட்டும். அந்த நோட்டுக்கு மட்டும் அழிக்கும் தேதி போட வேண்டாம்.